மணப்பாடு: ராத்திரி ரெண்டு மணிக்கு விடியுற ஊர்

ஜூன் 20, 2024, வியாழன்

திருச்செந்தூர்லருந்து தெக்க 18 கிலோமீட்டர்தான், ஆனா அந்த பஸ் எடுத்துக்கிட்ட நேரத்துல நாம கன்னியாகுமரியே பாத்துட்டு வந்திருக்கலாம்னு அம்மா வழியெல்லாம் புலம்பல். நாங்க பொள்ளாச்சிக்காரங்க, கடல்னாலே லீவு விட்டாத்தான் பாக்கணும்ங்கிற கூட்டம். அம்மாவுக்கு திருச்செந்தூர் முருகன், எனக்கு மணப்பாடு, இதுதான் ஒப்பந்தம். "யாருக்கும் தெரியாத கடற்கரை", "இன்னும் கெடாத மீனவ கிராமம்"னு ஆளாளுக்கு ரீல்ஸ் போட்டு எல்லாருக்கும் தெரிய வச்சுட்டாங்க, அதுல எனக்கும் தெரிஞ்சுபோச்சு.

குலசேகரப்பட்டினம் தாண்டுனதும் ரெண்டு பக்கமும் பனை, நடுநடுவுல குடை விரிச்ச மாதிரி உடை மரம், அப்புறம் திரும்பவும் பனை. பஸ்ஸ விட்டு இறங்குன அடுத்த நொடி வாய்க்குள்ள மண்ணு. இது கச்சான் சீசனாம், மேக்கருந்தும் தென்மேக்கருந்தும் அடிக்கிற காத்து, ஆடி முடியுற வரைக்கும் இப்படித்தான்னு டீக்கடைக்காரர் ரொம்ப சாதாரணமா சொல்றார், அவர் டீ கிளாஸ் மேல ஒரு சின்னத் தட்டு மூடியே குடுக்கிறார், அதுலயே புரிஞ்சுக்கணும். டீ 12 ரூபா.

தங்குறதுக்கு தெரிஞ்சவங்க மூலமா ஒரு பழைய வீட்டு மாடி கிடைச்சது. ஒரு நாளைக்கு 1,200, சாப்பாடு தனி. ஏசி இல்ல, தேவையும் இல்ல, ஜன்னலைத் திறந்தா காத்து கட்டில்ல இருக்கிற போர்வையைத் தூக்கிட்டுப் போகுது. கீழ இருக்கிற அக்காவுக்கு அம்பது வயசு இருக்கும், வீட்டுக்காரர் வள்ளத்துல மீன் பிடிக்கப் போறவர், பையன் தூத்துக்குடியில வேலை. "எந்தூருலருந்து வாறிய?"ன்னு கேட்டாங்க, பொள்ளாச்சின்னதும் "அய்ய, அங்க கடலே கெடயாதே"ன்னு ரொம்ப பாவப்பட்டாங்க. அம்மா உடனே எங்க ஊர்ல ஆழியாறு டேம் இருக்குன்னு சொல்லி மானத்தைக் காப்பாத்தப் பாத்தாங்க.

மதியம் சாளை குழம்பு, பாறை மீன் வறுவல், ரசம், ஒரு ஆளுக்கு 150. தேங்காயை மை மாதிரி அரைச்சு விட்ட குழம்பு, புளி அதிகமில்ல. ஊர்ல நாங்க சாப்பிடறது எல்லாம் ஐஸ்ல கிடந்து லாரியில வந்த மீனுங்க, அதுக்கு மசாலாவை அள்ளிப் போட்டாத்தான் வாயில வைக்க முடியும். இங்க அக்கா வறுவலுக்குப் போட்டது உப்பு, மஞ்சள், கொஞ்சம் மிளகாத்தூள். அவ்வளவுதான். நான் நாலு துண்டு. அம்மா எண்ணிட்டு இருந்தாங்க.

சாயங்காலம் மேட்டு மேல இருக்கிற திருச்சிலுவை ஆலயத்துக்கு ஏறுனோம். கடலுக்குள்ள நீட்டிட்டு நிக்கிற மணல்மேடு, ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கழின்னு சொல்ற உப்பங்கழி, நடுவுல மணல் ஒரு நாக்கு மாதிரி வளைஞ்சு போகுது. 1540 வாக்குல புயல்ல பாய்மரம் ஒடிஞ்சு தப்பிச்ச ஒரு போர்ச்சுகீசியக் கப்பல் தலைவர், ஒடிஞ்ச அதே மரத்துல சிலுவை செஞ்சு இந்த மேட்டுல நட்டார்ங்கிறது ஊர்க்காரங்க சொல்ற கதை. 1542ல பாதிரியார் பிரான்சிஸ் சவேரியார் இங்க வந்தார், தெருத்தெருவா கைமணி அடிச்சுட்டே போய் பிள்ளைங்களைக் கூட்டி தமிழ்ல ஜெபம் சொல்லிக் குடுத்தார்னு அவரோட கடிதங்கள்லயே இருக்கு. கோவில் 1581ல கட்டுனது. செப்டம்பர் 14 திருவிழாவுக்கு வந்தா மேட்டுல கால் வைக்க இடம் இருக்காதாம்.

கடல் பக்கம் இறங்குனா சவேரியார் தங்குன குகை. குனிஞ்சுதான் போகணும், உள்ள இருட்டு, மெழுகுவத்தி வாசனை, ஈரம். அவருக்கு முன்னாடி அதே குகையில ஒரு சைவச் சாமியார் இருந்தார்னு அங்க கல்லுலயே எழுதியிருக்கு. அதைக் கேட்டதும் அம்மா திருநீறை எடுத்து ஒரு தடவை பூசிக்கிட்டு, மெழுகுவத்தியும் ஒண்ணு ஏத்துனாங்க. ரெண்டு பக்கமும் கணக்கை நேர் பண்ணியாச்சு.

இறங்கி வர்றப்போ ஊரே அடங்கிக் கிடக்கு. மணி எட்டு கூட ஆகல. தெருவுல ஆள் இல்ல, கடை இல்ல, டிவி சத்தம் கூட ஒண்ணு ரெண்டு வீட்டுலதான். ஆகா, இதுக்குத்தானே வந்தோம்னு நான் ஒரு போட்டோ போட்டு "பேரமைதி"ன்னு ஸ்டேட்டஸ் வச்சுட்டுப் படுத்தேன்.

ஜூன் 21, வெள்ளி

ராத்திரி ரெண்டு மணி. தெருவுல யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடறாங்க, கதவு தட்டுறாங்க, "ஏலே எந்திரில"ன்னு ஒரு சத்தம், சைக்கிள் மணி, கேன் உருள்ற சத்தம், அப்புறம் கழி பக்கத்துலருந்து ஒவ்வொண்ணா மோட்டார் ஸ்டார்ட் ஆகுது. முதல்ல ஏதோ சண்டைன்னு நெனச்சு அம்மா கதவுக்கு குறுக்கால சூட்கேஸை இழுத்து வச்சுட்டாங்க. மாடியிலருந்து எட்டிப் பாத்தா தெருவுல ஆம்பளைங்க வலையும் டீசல் கேனும் சாப்பாட்டு வாளியுமா போயிட்டு இருக்காங்க, முழு நிலா, லைட்டே தேவையில்லாத வெளிச்சம். அக்கா கூட வாசல்ல நின்னு வீட்டுக்காரருக்கு பிளாஸ்க்கைக் குடுத்துட்டு மேல பாத்து "முழிச்சிட்டியளா, காப்பி போடவா?"ன்னாங்க. ரெண்டரை மணிக்கு!

அப்பத்தான் உறைச்சது. இது அமைதியான ஊரெல்லாம் இல்ல, நாம முழிச்சிருக்கிற நேரத்துல இவங்க தூங்குறாங்க. ஒன்பது மணிக்கு எந்திரிச்சு ஊரைச் சுத்தற டூரிஸ்ட் பாக்கிறது பாதி நாள் வேலை முடிச்சுட்டு கண் அசர்ற ஊரை. அதை "கிராமத்து அமைதி"ன்னு பேர் வச்சு போட்டோ பிடிச்சுக்கிறோம். ஸ்டேட்டஸை எடுத்துட்டேன்.

காலையில இடியாப்பம், சொதி, கூட ஒரு சம்பல். அம்மா வெள்ளிக்கிழமை மீன், கறி எதையும் தொட மாட்டாங்க, முட்டை கூட இல்ல, அன்னைக்கு பௌர்ணமி வேற, சாயங்காலம் கோவிலுக்கும் போகணும். முந்தின நாளே சொல்லி வச்சிருந்ததால அக்கா சைவமா தேங்காப்பால் சொதி வச்சிருந்தாங்க. சம்பல் எனக்குன்னு ஓரமா ஒரு கிண்ணத்துல. அம்மா பாட்டுக்கு அதை எடுத்து ரெண்டு கரண்டி போட்டுக்கிட்டு, "இது என்னங்க இவ்வளவு ருசியா இருக்கு, தேங்காயோட என்ன பொடி போட்டீங்க, எனக்கு எழுதிக் குடுங்க"ன்னு கேக்க, அக்கா சமையக்கட்டுலருந்தே "மாசிம்மா, சிலோன் பக்குவம்"ன்னு சொல்ல, அம்மா அது ஏதோ மாசி மாசத்துல செய்யுற பொடின்னு நெனச்சு மூணாவது கரண்டியும் போட்டாச்சு. மாசின்னா சூரை மீனை அவிச்சு, புகையில காய வச்சு, கட்டை மாதிரி ஆக்குறது. நான் சொல்லல. சொல்ற நேரமும் தாண்டிப் போச்சு. அக்காதான் கையில அந்த மாசிக்கட்டையைக் கொண்டு வந்து "இத இடிச்சுப் போடணும்"னு காட்டுனாங்க.

அம்மா முகம். அக்காவுக்கு அதுக்கு மேல சங்கடம், கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அப்புறம் அவங்களே, "கடல்ல மூணு தடவ முங்குங்க, எல்லாம் போயிரும், எங்க மாமியா சொல்லுவாவ"ன்னாங்க. அந்த மாமியாருக்கு முருகன் விரத விதி எப்படித் தெரியும்னு நான் கேக்கல. எப்படியும் திருச்செந்தூர்ல கடல்ல குளிச்சுட்டுத்தானே கோவிலுக்குள்ள போகணும், அதனால அம்மா மனசு சமாதானம் ஆச்சு. (கிண்ணத்துல மீதி இருந்ததை நான் முடிச்சேன்.)

எட்டரை மணிக்கு மேல வள்ளங்க கரைக்கு வர ஆரம்பிச்சது. பைபர் வள்ளம், ஒவ்வொண்ணுலயும் நாலு, அஞ்சு பேர். பாடு, அதாவது அன்னைக்குக் கிடைச்ச மீன், சுமார்தான். நிலாக்காலத்துல மீனுக்கு வலை கண்ணுல பட்டுரும், அதனால பௌர்ணமியை ஒட்டி பாடு எப்பவும் குறைச்சல்தான்னு ஒரு பெரியவர் சொன்னார், அவர் வலையைத் தட்டி மீனை உதிர்க்கிற வேகத்துக்கு என் கண்ணு ஓடல. சாளை, அயிலை, காரல், கொஞ்சம் ஊளி, ஒரு வள்ளத்துல மட்டும் நாலு சீலா. எங்க ஊர்ல வஞ்சிரம்னு சொல்றமே, அது இங்க சீலா.

ஏலம் பாக்கத்தான் நான் வந்ததே. மணல்ல குவியல் குவியலா கொட்டி, ஏலம் கூறுறவர் ஒரே மூச்சுல தொகையை ஏத்திட்டே போறார், எடுக்கிறவங்க புருவத்தைத் தூக்குனா போதும், முடிஞ்சுது, அடுத்த குவியல். அம்மா கூட்டத்துக்குள்ள நுழைஞ்சு "கிலோ எவ்வளவுங்க?"ன்னு கேட்டாங்க. பொள்ளாச்சி சந்தையில அம்மா வாய் திறந்தா காய்க்காரர் அஞ்சு ரூபா தானா குறைப்பார். இங்க அவர் திரும்பிக் கூடப் பாக்கல. பக்கத்துல அலுமினியச் சட்டியோட நின்ன ஒரு அம்மாதான் சிரிச்சுட்டே, "இங்க கிலோ கணக்கு கெடயாதும்மா, குவியல்தான். நீங்க ரெண்டு பேர் திங்கவா போறிய அம்புட்டையும்?"ன்னுட்டு, தான் எடுத்த குவியல்லருந்து ரெண்டு நல்ல பாறையை எடுத்து 300 ரூபாய்க்குக் குடுத்தாங்க. அவங்க மீதியைத் தூக்கிட்டு தட்டார்மடம், உடன்குடி பக்கம் வீடு வீடா விக்கப் போகணும். பஸ்ல சட்டியை ஏத்த சில நாள் விட மாட்டாங்களாம், அப்போ ஷேர் ஆட்டோ, அந்தக் காசும் மீன்லருந்துதான் வரணும்.

சீலா மட்டும் எடை போட்டு கிலோ 1,100 சொன்னாங்க. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில விசைப்படகுக்கு ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், அது முடிஞ்சு ஒரு வாரம்தான் ஆகுது, விலை இறங்கணுமே? ஆனா கேரளாவுல ஜூன் 9 ராத்திரியிலருந்து ஜூலை 31 வரைக்கும் டிராலிங் தடை, அதனால மலையாளத்து லாரிங்க ஐஸ் பெட்டியோட இங்க வந்து நிக்குது. நல்ல மீன் எல்லாம் அந்த லாரியிலதான் ஏறுச்சு. பிடிக்கிற ஊர்ல சாப்பிடறது சாளையும் காரலும்.

மதியம் சாப்பிட்டு ஊரோட சேர்ந்து நாங்களும் மூணு மணி நேரம் தூங்குனோம்.

சாயங்காலம் திருச்செந்தூர். வெள்ளிக்கிழமை, பௌர்ணமி, ரெண்டும் ஒண்ணா வந்த நாள், கேக்கணுமா? கடற்கரை மணல் முழுக்க பாய் விரிச்சு ஜனங்க, நிலா வெளிச்சத்துல ராத்திரி தங்குறதுக்குன்னே வந்தவங்க. அம்மா மூணு முங்குக்குப் பதிலா அஞ்சு முங்கு, அப்புறம் நாழிக்கிணறு, அப்புறம் 100 ரூபா வரிசை. அதுலயும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல. உள்ள போய் ரெண்டு செகண்ட் பாத்ததுக்கே அம்மாவுக்கு கண்ணு கலங்கிருச்சு, மாசி விஷயத்தை அங்கயே சொல்லி மன்னிப்பும் கேட்டுட்டாங்களாம்.

வெளிய வந்தா மணப்பாடு பக்கம் போற பஸ் இல்ல. பஸ்ஸு இருக்கு, ஆனா கூட்டத்துல அது ஸ்டாண்டுக்கு உள்ளயும் வர முடியல, வெளியவும் போக முடியல. பத்தரை மணி வரைக்கும் நின்னோம். ஆட்டோக்காரர் ஒருத்தர் 800 கேட்டார், அம்மா 400னு ஆரம்பிச்சாங்க, 600ல முடிஞ்சது. வழியில கல்லாமொழி பக்கம் கடலுக்குள்ள நேர்கோடா விளக்கு வரிசை, அது உடன்குடி அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கக் கட்டுற பாலம்னு அவர் சொன்னார், கிலோமீட்டர் கணக்குல கடலுக்குள்ள போகுது. கெடாத கடற்கரை!

ஜூன் 22, சனி

ரெண்டு மணி சத்தத்துக்கு இன்னைக்கு பயமில்ல. அம்மா எந்திரிச்சு ஜன்னல் வழியா அக்காகிட்ட "இன்னைக்காவது பாடு நல்லா இருக்கட்டும்"னு சொல்லிட்டு வந்து படுத்தாங்க.

நேத்து ஆட்டோக்காரரையே வரச் சொல்லியிருந்தோம், குதிரைமொழித் தேரி, உடன்குடி, குலசை (குலசேகரப்பட்டினம்தான்) சுத்திக் காட்ட 900. தேரியைப் பத்தி நான் படிச்சதே இல்ல. கடலுக்குப் பக்கத்துல செக்கச் செவேல்னு மணல் மேடு, மேடு மேல மேடு, நடுவுல பனையும் கொல்லாமரமும் (முந்திரி). இந்தக் கச்சான் காத்துதான் வருஷா வருஷம் செம்மண்ணை அள்ளிக் கொண்டு வந்து குவிக்குதாம், நாங்க நின்னப்பவே தரையோட தரையா சிவப்பா புகை மாதிரி மண்ணு ஓடிட்டு இருந்தது. பத்து மணிக்கே மணல்ல கால் வைக்க முடியல. நான் ரீல்ஸ் எடுக்க செருப்பைக் கழட்டிட்டு பத்தடி ஓடி, அதைவிட வேகமா திரும்பி வந்தேன். அம்மா குடையை விரிச்சாங்க, காத்து அதைப் பிடுங்கி ஒரு மேட்டைத் தாண்டி அனுப்பிருச்சு, ஆட்டோக்காரர் ஓடிப் போய் எடுத்துட்டு வந்தார், மூணு கம்பி போச்சு. அந்தச் செம்மணல் காட்டுக்குள்ள அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில், பக்கத்துல நல்ல தண்ணிச் சுனை. சுத்தி வறண்டு கிடக்கு, இங்க மட்டும் ஈரமும் நிழலும் குரங்கும். அம்மா கிளம்ப மனசே இல்லாம உக்காந்திருந்தாங்க.

உடன்குடி ரோட்டுல பதநீர். ஓலையை மடிச்சுப் பட்டை பிடிச்சு அதுல ஊத்தி, நுங்கும் சீவிப் போட்டுத் தர்றாங்க, 40 ரூபா. ரெண்டு கையாலயும் பிடிச்சுத்தான் குடிக்கணும், எனக்கு பாதி சட்டை மேலதான் போச்சு. சீசன் முடியப் போகுதுன்னு அவர் சொன்னார். ஏறுறதுக்கு ஆள் இல்லங்கிறதுதான் இங்க எல்லார் வாயிலயும். எங்க ஆட்டோக்காரரோட அப்பா ஒரு நாளைக்கு ரெண்டு வேளை பனை ஏறுனவர், மகன் ஆட்டோ, பேரன் என்ஜினியரிங். பனையை வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு 2021ல அரசு அறிவிச்சுது, நல்ல விஷயம்தான், ஆனா நிக்கிற பனையில ஏற ஆளைக் கலெக்டர் எங்கருந்து குடுப்பார்னு அவர் கேட்டார்.

கருப்பட்டி வாங்குனோம். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சது, அந்த போர்டு இப்போ எல்லா கடையிலயும் தொங்குது, சர்க்கரை கலந்து காய்ச்சுறவங்க கடையிலயும் சேத்துத்தான். ஆட்டோக்காரர் கூட்டிட்டுப் போன இடம் கடையே இல்ல, ஒரு வீடு. கிலோ 380. அம்மா ஒண்ணை உடைச்சு, மோந்து, நாக்குல வச்சு, கண்ணை மூடி, மூணு கிலோ போடச் சொன்னாங்க. சுக்கு, ஏலக்கா போட்ட சில்லுக்கருப்பட்டி அரைக் கிலோ எனக்கு, அது ராத்திரிக்குள்ள முடிஞ்சுது.

குலசையில முத்தாரம்மன் கோவில், தசரா இல்லாத நாள்ங்கிறதால கூட்டமே இல்ல. பக்கத்துலதான் இஸ்ரோவோட ரெண்டாவது ஏவுதளம், பிப்ரவரி 28ந்தேதி பிரதமர் அடிக்கல் நாட்டுனது. ஸ்ரீஹரிகோட்டாவுலருந்து தெக்க ராக்கெட் விட்டா இலங்கை மேல பறக்கக் கூடாதுன்னு வளைஞ்சு போகணும், அதுல எரிபொருள் வீணாகும். இங்கருந்து விட்டா நேரா தெக்க வெறும் கடல்தான். எஸ்எஸ்எல்வி மாதிரி சின்ன ராக்கெட்டுக்கு இது பெரிய லாபம். இப்போதைக்கு வேலியும் காவலும்தான் தெரியுது. இதை சாயங்காலம் அக்கா வீட்டுக்காரர்கிட்ட நான் பெருமையா விளக்கிட்டு இருந்தேன், அவர் வலை தைக்கிறதை நிறுத்தாம கேட்டுட்டு, "சரி, ராக்கெட் வுடுற அன்னைக்கு எங்கள கடலுக்குப் போகக்கூடாதும்பான். அன்னைக்குப் பாட்டுக்கு யாரு காசு தருவா?"ன்னார். ஸ்ரீஹரிகோட்டா பக்கம் பழவேற்காட்டு மீனவங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இருக்கிறது உண்மைதான். என்கிட்ட பதில் இல்ல.

அவருக்கு அதைவிடப் பக்கத்துக் கவலை, கழி கடலோட சேர்ற வாய்ல குவியுற மணல். மணல் மேடு போட்டா வள்ளம் உள்ள வர்றப்போ தட்டுது, அலை பிடிச்சா கவுத்துருது, மணலைத் தடுக்க கடலுக்குள்ள கல்லைப் போட்டுக் கட்டுற தூண்டில் வளைவு வேணும்னு கேட்டுக் கேட்டு ஊரு சலிச்சுப் போச்சாம். எண்ணெய்க் காசு கழிச்சு மீதியைப் பங்கு போட்டா இன்னைக்கு அவர் கைக்கு 450. நேத்து அதுவும் இல்ல.

வெயில் தாழ்ந்ததும் ஊருக்குள்ள நடந்தோம். நம்ப மாட்டீங்க, சில வீடு எல்லாம் அரமனை. உசரமான திண்ணை, தேக்குத் தூண், கலர் கண்ணாடி ஜன்னல், வாசல்ல பர்னாந்துன்னு பேர் வெட்டுன கல்லு, கதவுல பூட்டு. கொழும்புல யாவாரம் பண்ணுன காசுல கட்டுனது, அந்த யாவாரம் படுத்ததுக்கு அப்புறம் பிள்ளைங்க தூத்துக்குடி, சென்னை, வெளிநாடுன்னு போயிட்டாங்க, திருவிழாவுக்கு வந்து பூட்டைத் திறப்பாங்கன்னு அக்கா சொன்னாங்க. அக்கா வீட்டு மாசிச் சம்பலும் அந்தக் கொழும்பு வழியில வந்ததுதான், அவங்க பாட்டி அங்க பிறந்தவங்க. ஒரு பூட்டுன வீட்டுத் திண்ணையில நாலு பெண்கள் உக்காந்து பனை ஓலையில பெட்டி முடைஞ்சுட்டு இருந்தாங்க, பேச்சு ஓடுது, கை தனியா ஓடுது. சாயம் போட்ட சின்ன மூடிப் பெட்டி ஒண்ணு 120. அம்மா பேரம் பேசல. ஆச்சரியம்.

அப்புறம் கழியில குளிச்சோம். இடுப்பளவு தண்ணி, அலையே இல்ல, அம்மா சேலையோட உக்காந்துட்டாங்க. நான் கழி வாய்ப் பக்கம் கொஞ்சம் நடக்கவும் தூரத்துல வலை அலசிட்டு இருந்த ரெண்டு பையன்ங்க ஓடி வந்து, "அக்கா அங்க போகாதிய, இழுத்துரும், இந்தக் கம்புக்கு இங்கிட்டே இருங்க"ன்னு ஒரு கம்பை நட்டுட்டுப் போனாங்க. நாங்க கரையேறுற வரைக்கும் அப்பப்போ திரும்பிப் பாத்துட்டே இருந்தாங்க. மறுபக்கம் வெளியூர்க்காரங்க சில பேர் கடல்ல பட்டத்தைக் கட்டிக்கிட்டு பலகையில நின்னு அலை மேல பறந்துட்டு இருந்தாங்க, நம்ம வாயில மண்ணைப் போடற அதே காத்துக்காக காசு செலவழிச்சு வர்றவங்க.

ராத்திரி சாப்பாட்டுக்கு காரல் சாறு. மிளகு, பூண்டு, மஞ்சள், குட்டிக் காரல் மீன். பிள்ள பெத்தவங்களுக்குக் குடுக்கிறதாம். எனக்கு முள்ளு எடுக்கத் தெரியாம பாதி மீனை ஒதுக்கி வச்சேன், அக்கா பக்கத்துல உக்காந்து ஆய்ஞ்சு குடுத்தாங்க. 

ஜூன் 23, ஞாயிறு

ரெண்டு மணிக்கு நானா முழிச்சுட்டேன். சத்தம் இல்ல. ஞாயித்துக்கிழமை யாரும் கடலுக்குப் போறதில்ல, ஊர்க் கட்டுப்பாடு. மூணு நாள்ல முதல் தடவை ஒழுங்கா ராத்திரித் தூக்கம் கிடைக்க வேண்டியது, உடம்பு பழகிட்டதால நாலு மணி வரைக்கும் விட்டத்தைப் பாத்துட்டுக் கிடந்தேன், அப்புறம் கோவில் ஸ்பீக்கர்ல பாட்டு போட்டுட்டாங்க.

பூசைக்கு ஊரே போச்சு. நேத்து வரைக்கும் கைலியும் உப்புமா பாத்த ஆளுங்க எல்லாம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பவுடர். ஏலத்துல எங்களைத் திரும்பிப் பாக்காத மனுசன் இன்னைக்கு ரோட்டுல நின்னு "சாப்ட்டியளா, கெளம்பியாச்சா"ன்னு அம்மாகிட்ட விசாரிக்கிறார். அம்மாவும் ரொம்ப நாள் பழக்கம் மாதிரி பதில் சொல்றாங்க.

அக்காகிட்ட கணக்கு முடிச்சப்போ முதல் நாள் நான் சாப்பிட்ட கூடுதல் வறுவலுக்கு காசு வாங்கல. மாசிக்கட்டை ஒண்ணு பேப்பர்ல சுத்திக் குடுத்தாங்க, "வெள்ளிக்கிழம மட்டும் வேண்டாம்மா". பக்கத்து வீட்டுல நெத்திலிக் கருவாடு கிலோ 400, அம்மா ஒரு கிலோ வாங்கி மூணு கவர் போட்டு, அதை துண்டுல சுத்தி, அதை கருப்பட்டிப் பைக்குள்ள வச்சாங்க. அந்தக் கருப்பட்டியை இப்போ காப்பியில போட முடியுமாங்கிறது வேற பிரச்சினை.

மதியம் திருச்செந்தூர்லருந்து பாலக்காடு போற ரயில், பொள்ளாச்சி வழி. பெட்டி முழுக்க பௌர்ணமி முடிச்சுட்டுத் திரும்புற முருக பக்தர்கள், நெத்தியெல்லாம் விபூதி. திருநெல்வேலி தாண்டுறதுக்குள்ள மூணு கவரும் ஒரு துண்டும் தோத்துப் போச்சு. எதிர் சீட்டுப் பெரியவர் மூக்கைச் சுருக்கி, ஜன்னலைத் திறந்து, எல்லார் செருப்பையும் பாத்து, "யாரோ என்னமோ கொண்டு வந்திருக்காங்க, சாமி கும்பிட்டுட்டு வர்ற வண்டியில..."ன்னு ஆரம்பிச்சார். அம்மா ஒண்ணுமே தெரியாத மாதிரி வெளிய பனையைப் பாத்துட்டு இருந்தாங்க. மதுரை வந்துச்சு, திண்டுக்கல் வந்துச்சு, அவர் முணுமுணுப்பு நிக்கல. கடைசியில அவர் வீட்டம்மாதான் முன்னால குனிஞ்சு, மெதுவா, "நெத்திலிங்களா? மணல் இல்லாம இருக்குங்களா? என்ன வெலை போட்டாங்க?"ன்னு கேட்டாங்க.

பழனியில அவங்க இறங்குறப்போ கால் கிலோ கை மாறியிருந்துச்சு. அம்மா 120 வாங்குனாங்க. கால் கிலோ 100தானேம்மான்னு கேட்டேன், ஆட்டோ செலவு யாரு தருவான்னாங்க.